எத்தனை பேர்ச் விற்றால் கடன் தீரும்?

பாலாவிச் சந்தியில் திரும்பிக் கற்பிட்டி வீதியில் ஏறினால், ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக நிலம் ஒடுங்கிக்கொண்டே போகும். நுரைச்சோலை தாண்டி வடக்கே போகப் போக, வேலிகளில் கட்டிய தகரப் பலகைகள் கண்ணில் படும்: காணி விற்பனைக்கு. முன்பெல்லாம் தென்னந்தோட்டத்துக்கும் வெறும் மணல் தரைக்கும்தான் அந்தப் பலகை. இப்போது ஆள் குடியிருக்கிற வீட்டு மதிலிலும் தொங்குகிறது. உள்ளே கொடியில் உடுப்புக் காய்கிறது, வெளியே விற்பனைக்கான தொலைபேசி எண்.

இருக்கிற வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு, அளவான ஒரு வீட்டில் தவணைப் பயம் இல்லாமல் இருப்பதா? பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிக் கட்டி வீட்டைக் காப்பாற்றுவதா? கற்பிட்டியில் இன்று பல குடும்பங்களில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கிற பேச்சு இதுதான். வாசலைத் தாண்டி அது வெளியே வருவதில்லை. வீடு விற்றவன் என்றால் விழுந்துவிட்டவன் என்று ஊர் முடிவு கட்டிவிடும். அந்த முடிவு பிழையானது, பல குடும்பங்களை அது தேவையில்லாமல் அழித்திருக்கிறது. கடனை அடைக்க வீட்டை விற்பதில் எந்தத் தோல்வியும் இல்லை. எப்போது விற்பது, எவ்வளவு விற்பது என்பதை வட்டி தீர்மானிக்கும்வரை காத்திருப்பதுதான் இழப்பு.

கடன் வந்த வழி

கற்பிட்டியின் கடனை ஆடம்பரக் கடன் என்று ஒதுக்கிவிட முடியாது. மே மாதம் தொடங்கி ஒக்டோபர் வரை இந்தக் கரையில் வீசும் காற்றுக்காக உலகின் பல மூலைகளிலிருந்து பட்டப் பலகைச் சறுக்கல்காரர்கள் வருகிறார்கள். நவம்பர் முதல் ஏப்ரல் வரை டொல்பின் பார்க்க வருகிறவர்கள் வேறு. யுத்தம் 2009-ல் முடிந்த பிறகு ஆலங்குடா, கண்டக்குளி, குடாவப் பக்கங்களில் சாதாரணக் குடும்பங்களும் வீட்டோடு இரண்டு அறை, மேல்மாடியில் நாலு அறை என்று கட்டத் தொடங்கின. வங்கி கடன் தந்தது, அறைகள் நிறைந்தன.

பிறகு வந்ததெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களோடு வெளிநாட்டார் வரவு நின்றது. அடுத்த வருடம் கொரோனா. 2021-ல் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே இரவில் தடுத்ததால் வெங்காயம், மிளகாய், பீட்ரூட் போட்டிருந்த தோட்டக்காரர்களுக்கு அடி. 2022 ஆகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குத் தாவியது. வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய படகில் தொழிலுக்குப் போகிறவருக்கு அது கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி. அதே மாதம் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் ஏறியது.

இவ்வளவுக்கும் நடுவில் 2022 ஏப்ரல் 8-ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வங்கிகள் தங்கள் மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் முதன்மைக் கடன் வீதமே அந்த வருடக் கடைசியில் 28 வீதத்தைத் தொட்டது. சந்தையோடு ஏறி இறங்கும் வட்டியில் கடன் எடுத்திருந்தவர்களுக்கு வங்கியிலிருந்து வந்த கடிதத்தில் தவணைத் தொகை மாறியிருந்தது. சலுகைக் காலம் தந்தார்கள், உண்மைதான். ஆனால் தள்ளிப்போனது தவணை மட்டும்தான். வட்டி அந்த மாதங்களிலும் சேர்ந்துகொண்டே இருந்தது. எடுத்த கடனைவிட நிலுவை கூடி நிற்கிற குடும்பங்கள் அப்படித்தான் உருவாயின.

இன்னொரு வகைக் கடன்காரர்களின் முறை இப்போது வருகிறது. 2020 கடைசியில் மத்திய வங்கி, சம்பளக்காரர்களின் வீட்டுக் கடனுக்கு முதல் ஐந்து வருடங்களாவது 7 வீதத்துக்கு மேல் வட்டி வாங்கக் கூடாதென்று உச்சவரம்பு வைத்தது. ஆசிரியர்களும் தாதியர்களும் அதை நம்பிக் கட்டினார்கள். அந்த ஐந்து வருடங்கள் 2025 இறுதியிலிருந்து ஒவ்வொருவராக முடிகின்றன. 50 இலட்சம் ரூபாயை 20 வருடத்துக்கு 7 வீதத்தில் எடுத்தவர் மாதம் 38,800 ரூபாய் அளவில் கட்டியிருப்பார். ஐந்து வருடத்தில் அவர் கட்டியது 23 இலட்சத்துக்கு மேல். அதில் முதலில் கழிந்தது 7 இலட்சத்துக்கும் குறைவு. 43 இலட்சம் அப்படியே நிற்கிறது. வட்டி 10 வீதமானால் தவணை 46,300-ஐத் தாண்டும். 2022-ல் பார்த்த 28 வீதம் மறுபடி வந்தால் மாத வட்டி மட்டுமே ஒரு இலட்சம். அது வரும் என்று நான் சொல்லவில்லை. வராது என்று எந்த வங்கியும் எழுதித் தரப்போவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு வளவின் கணக்கு

கண்டக்குளிப் பக்கம் ஒரு குடும்பம். கணவர் இரண்டு படகு வைத்திருந்த சம்மாட்டி, இப்போது ஒரு படகு. மனைவி ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. 62 பேர்ச் வளவு. வீதியோரமாக 2018-ல் கடன் எடுத்துக் கட்டிய மாடி வீடு, மேலே விருந்தினருக்கு நாலு அறை. பின்னால் கிணற்றடியைத் தாண்டி, ஆசிரியையின் தாய் வாழ்ந்த பழைய ஓட்டு வீடு. இரண்டு அறை, ஒரு விறாந்தை, புகை படிந்த குசினி.

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். நாலு அறையில் இரண்டுக்குப் பூட்டு. மெத்தைகளைப் பொலித்தீனில் சுற்றி நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். பல்கனித் தளத்தின் அடிப்பக்கம் கொங்கிறீட் ஒரு சாண் அகலத்துக்கு உதிர்ந்து, உள்ளே கம்பி செந்நிறமாகத் துருப்பிடித்துத் தெரிகிறது. கடற்கரையில் கட்டிய வீட்டைக் காற்றே தின்னும். அதைத் திருத்த ஒரு தொகை, தண்ணீர்ப் பம்பிக்கு ஒரு தொகை, குளிரூட்டிக்கு ஒரு தொகை. தவணை இதற்கெல்லாம் வெளியே.

“நாலு அறைய வச்சிக்கிட்டு வருசத்துல நாலு மாசம் சம்பாதிக்கிறோம். பன்னிரண்டு மாசமும் வட்டி கட்டுறோம்,” என்றார் அவர். “எனக்கு ஹஜ்ஜுக்குப் போகணும். இவ்வளவு கடன வச்சிக்கிட்டு எப்படிப் போறது?”

ஆசிரியை உடனே பதில் சொல்லவில்லை. தேநீரை வைத்துவிட்டு உட்கார்ந்த பிறகுதான் பேசினார். “நீங்க சொல்றது சரிதான். சின்னவளுக்கு எதக் குடுக்கிறது? பெரியவளுக்கு ஊடு கட்டிக் குடுத்தமே, இவள் கேக்க மாட்டாளா?”

மகளுக்கு வீடு கொடுத்துக் கரைசேர்ப்பது இந்தக் கரையில் பெற்றோரின் கடமையாகவே எண்ணப்படுகிறது. வங்கி அதிகாரியின் கணக்கில் இந்த வரி இராது. குடும்பத்தின் கணக்கிலோ முதல் வரியே இதுதான். சின்ன மகள் புத்தளத்தில் வேலை செய்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்தபோது இந்தப் பேச்சு அவள் காதில் விழுந்து, “எனக்குக் கடனோட ஊடு வேணாம் உம்மா,” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதற்குப் பிறகுதான் ஆசிரியை கணக்குக்கு உட்கார்ந்தார்.

பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் 62 கட்டங்கள் கீறினார். தரகர் சொன்ன விலையில் வங்கியின் மொத்த நிலுவையை வகுத்து, கடன் எத்தனை பேர்ச் என்று கணித்து, அத்தனை கட்டங்களைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினார். வெறும் காணியாக விற்றால் 33 கட்டங்கள் சிவந்தன. மாடி வீட்டோடு வீதியோரத்தை விற்றால் 26 கட்டம் போதும். மிச்சம் 36 பேர்ச், பழைய வீடு, கிணறு, எட்டுத் தென்னை. ரூபாயில் பார்த்தபோது பயமாக மட்டும் இருந்த கடன், அந்தத் தாளில் ஓர் எல்லையோடு தெரிந்தது. வீட்டுக் கடனில் இருக்கிற எவருக்கும் இந்த வேலையைச் செய்துபார்க்கச் சொல்வேன். அடுத்த மாதத் தவணைக்கு என்ன வழி என்ற கேள்வியை விட்டு, கடன் முழுவதும் என் சொத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கும்போதுதான் விற்பதா இல்லையா என்ற முடிவு எடுக்கக்கூடியதாகிறது.

முழுவதையும் விற்றுக் கற்பிட்டி நகரத்திலோ புத்தளத்திலோ ஒரு வீடு வாங்கலாம் என்று மூத்த மருமகன் சொல்லியிருந்தார். அதையும் ஆசிரியை கணித்துப் பார்த்தார். வாங்குகிறவர் கட்டவேண்டிய முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். 60 இலட்சத்துக்கு ஒரு வீடு வாங்கினால் அதற்கு மட்டும் 2,39,000 ரூபாய். நொத்தாரிசு கட்டணமும் திருத்த வேலையும் தனி. சொந்த வளவிலேயே பின்னால் நகர்ந்தால் அந்தச் செலவில்லை. விற்பனையால் வரும் இலாபத்துக்கான மூலதன ஆதாய வரியும் பலருக்குப் பயம் தருகிறது. 2018 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கும் உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில், குடியிருக்கும் பிரதான வீட்டுக்கு விலக்கு உண்டு. விற்பதற்கு முந்திய மூன்று வருடமும் தொடர்ந்து சொந்தமாக இருந்து, அதில் இரண்டு வருடமாவது அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். விருந்தினர் அறையாக வாடகைக்கு விட்ட பகுதி இருந்தால் அதைப்பற்றி முன்கூட்டியே வரி தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

அவசரத்தில் விற்றவர்கள்

வீட்டை விற்பதன் வலி என்னவென்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவு முஸ்லிம்களில் பெரும் பகுதியினர் படகுகளில் வந்து இறங்கியது கற்பிட்டிக் கரையில்தான். உள்ளூர்க் குடும்பங்கள் சோறு கொடுத்தன, தென்னங்காணிகளில் கொட்டில் போட இடம் விட்டன. தற்காலிகம் என்று கிடுகால் வேய்ந்த அந்தக் கொட்டில்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ் அந்த இழப்புகளைப் பல ஆண்டுகள் ஆவணப்படுத்தினார்.

2002 போர்நிறுத்தத்தின்போது பாதை திறந்ததும் பலர் ஊர்களைப் பார்க்கப் போனார்கள். யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கூரையும் கதவும் நிலையும் இல்லாத சுவர்களைக் கண்டார்கள். பலர் கிடைத்த விலைக்குக் காணியை விற்று, அந்தக் காசில் புத்தளம் பக்கம் பத்துப் பேர்ச் வாங்கி அத்திவாரம் போட்டார்கள். மகளின் கலியாணம் ஒரு பக்கம், ஒழுகும் கொட்டில் மறுபக்கம். அந்த நிலையில் நின்று விலை பேச முடியாது. 2007-ல் உலக வங்கி 3 கோடி 20 இலட்சம் டொலரில் புத்தளம் வீடமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்து, கட்டக் கட்டப் பகுதி பகுதியாகப் பணம் வந்தபோது, சில வருடம் முந்தி விற்றவர்கள் கைவிட்டதை எண்ணிப் பெருமூச்சு விட்டார்கள். விற்காமல் வைத்திருந்தவர்களுக்கு 2016-ல் ஒரு பாதுகாப்பும் கிடைத்தது. 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தில் பயங்கரவாத நடவடிக்கைகளால் தங்கள் காணி உரிமையைப் பேண முடியாமல் போனவர்களுக்கு எதிராக, அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று அந்த ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டம் சொன்னது.

அவசரத்தில் விற்றவர்களை நான் குறை சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு வழி இருக்கவில்லை. ஆனால் இன்று கடற்கரையில் மாடி வீடு வைத்திருப்பவருக்கு இன்னும் வழி இருக்கிறது. தவணை தவறாமல் இருக்கும்போதே, வாங்க வருபவரிடம் இல்லை என்று சொல்லக்கூடிய நிலையில் இருக்கும்போதே விற்றால், விலை சொல்கிறவர் நீங்கள். மூன்று தவணை பிந்தி, வங்கிக் கடிதம் வந்தபிறகு விற்றால் விலையைச் சொல்வது தரகர். ஊர் சிறியது. கடிதம் வந்த செய்தி கடிதத்துக்கு முன்பே தரகரிடம் போய்விடும்.

உறுதியைப் பார்த்து விற்க வேண்டும்

விற்க முடிவெடுத்தவர்களில் பலர் முட்டிக்கொள்வது உறுதியில்தான். 1935-ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப் பத்திரக் காணியைத் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. ஸ்வர்ணபூமி, ஜயபூமி அளிப்புப் பத்திரக் காணிகளுக்குப் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். முதுசக் காணியாக இருந்து பங்கு பிரிக்காமல் கிடந்தால் ஒவ்வொரு வாரிசின் கையெழுத்தும் வேண்டும். ஒருவர் குவைத்தில், ஒருவர் கொழும்பில், ஒருவர் கோபத்தில். கடன் கழுத்தை நெரிக்கும் நாளில் இவர்களைத் தேடிப் போவதைவிட, இப்போதே போய் எழுதிக்கொள்வது மேல்.

இன்னொரு பொறியைப் பற்றிச் சத்தமாகவே சொல்ல வேண்டும். வங்கிக் கடனை அடைக்கத் தனியாரிடம் போனால், அவர் ஈட்டு உறுதி கேட்பதில்லை, அறுதி உறுதியே எழுதித் தரச் சொல்கிறார். காசைத் திருப்பித் தந்தால் மறுபடி எழுதித் தருவேன் என்பது வாய்ச்சொல். சட்டத்தின் கண்ணில் அது விற்பனை. நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83-ஆம் பிரிவைக் காட்டி, உரிமையை முழுதாகக் கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று வாதாடி மீட்டவர்கள் உண்டு. அதற்கு வருடக்கணக்கில் நீதிமன்றம் ஏற வேண்டும். வங்கிக் கடனுக்குப் பயந்து இந்தக் குழியில் விழுவதைவிட, வெளிப்படையாக விற்பது ஆயிரம் மடங்கு நல்லது.

வங்கியின் கை எவ்வளவு நீளம் என்பதையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் 4-ஆம் இலக்கச் சட்டப்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே ஏலத்தில் விட முடியும். பராட்டே என்று ஊரில் பேசிக்கொள்வது இதைத்தான். ஆனால் வட்டியையும் தண்டத்தையும் சேர்க்காமல், எடுத்த முதல் 50 இலட்சத்துக்குக் குறைவாக இருந்தால் அந்த அதிகாரம் செல்லாது, வங்கி வழக்குப் போடத்தான் வேண்டும். இது தெரியாமல் 20 இலட்சக் கடனுக்காகப் பதறிப்போய் ஒரே வாரத்தில் வீட்டை விற்றவர்கள் இருக்கிறார்கள். 2024-ல் இந்த ஏல அதிகாரத்தைச் சிறிது காலம் இடைநிறுத்தினார்கள். அதை நம்பி முடிவைத் தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த மாதங்களிலும் வட்டி ஏறியது.

இது கற்பிட்டிக்கு மட்டும் வந்த துன்பமுமில்லை. கனடா மத்திய வங்கி 2022 மார்ச்சில் 0.25 வீதமாக இருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5 வீதத்துக்கு ஏற்றியது. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் எங்கள் ஆட்கள் பெரிய வீட்டை விற்று அடுக்குமாடிக்குப் போன காலம் அது. அங்கே விற்றவர் அடுத்த ஊருக்குப் போய் யாரும் அறியாமல் வாழலாம். இங்கே விற்றவர் தினமும் அந்த வீட்டைக் கடந்துதான் சந்தைக்குப் போகவேண்டும். அந்தப் பாரத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

விற்காமல் வீதியோரத்தைக் குத்தகைக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டார் இங்கே காணி வாங்க முடியாததால், விருந்தினர் முகாம் நடத்த வருகிறவர்கள் நீண்ட குத்தகையைத்தான் தேடுகிறார்கள். கடன் சிறியதென்றால் அது நல்ல வழி. கடன் பெரியதென்றால் வரும் குத்தகை வட்டிக்கே போய்விடும், முதல் அசையாது. ஈடு வைத்த காணியைக் குத்தகைக்கு விட வங்கியின் எழுத்துச் சம்மதமும் தேவைப்படும்.

சின்னதாகப் போவதற்கும் அளவு உண்டு. கற்பிட்டி மணல் தரை. நிலத்தடி நீர் கையெட்டும் ஆழத்தில் கிடக்கிறது, ஊற்றுவதெல்லாம் நேரே கீழே இறங்குகிறது. தோட்டத்து உரத்தால் இந்தக் குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கிணற்றுக்கும் மலக்குழிக்கும் குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர்களின் கணக்கு. எட்டுப் பேர்ச் துண்டில் அந்த இடைவெளியை எங்கே எடுப்பது? அயலவரின் மலக்குழி உங்கள் கிணற்றுக்குப் பத்தடியில் வந்தால் என்ன செய்வது? கடன் தீரட்டும் என்று குடிதண்ணீர் இல்லாத துண்டில் போய் உட்கார்ந்தால், அடுத்த கடன் தண்ணீருக்காக எடுக்க வேண்டிவரும்.

கண்டக்குளிக் குடும்பம் வீதியோர 26 பேர்ச்சையும் மாடியையும் விற்க முடிவு செய்துவிட்டது. நில அளவையாளர் இரண்டு தடவை வந்து போய்விட்டார். முதல் வரைபடத்தில் பின்வளவுக்கு வழி விடப்படவில்லை. வீதிக்காணியை விற்றபின் பின்னால் இருப்பவர் எந்த வழியால் போவது என்று ஆசிரியைதான் கேட்டார். இரண்டாவது வரைபடத்தில் தெற்கு எல்லையோடு 12 அடிப் பாதை இருக்கிறது. அது வரைபடத்தில் இருந்தால் மட்டும் போதாது, விற்பனை உறுதியின் அட்டவணையிலும் எழுதப்பட வேண்டும் என்று நொத்தாரிசு சொல்லியிருக்கிறார். வாங்குகிறவர் கிணற்றையும் பொதுவாக எழுதச் சொன்னார். அதற்கு ஆசிரியை சம்மதிக்கவில்லை, அவருக்குத் தனிக் குழாய்க்கிணறு அடிக்க ஒரு மூலை காட்டியிருக்கிறார்கள்.

இனிப் பிரதேச சபையின் பிரிப்பு அனுமதி வரவேண்டும். வந்ததும் வாங்குகிறவரும் வங்கி அதிகாரியும் நொத்தாரிசும் ஒரே நாளில் ஒரே மேசையில் இருக்கும்படி திகதி எடுப்பார்கள். காசோலை வங்கிக்குப் போகும் அதே நேரத்தில் ஈட்டை விடுவிக்கும் உறுதியில் வங்கி ஒப்பமிட வேண்டும். அதைப் புத்தளம் காணிப் பதிவகத்தில் பதிந்து, ஈடு நீங்கியதற்கான பதிவுப் பிரதியைக் கையில் எடுத்தபிறகு, பின்வளவை 36 பேர்ச்சோடு சின்னவளின் பெயருக்கு நன்கொடை உறுதி எழுதப்போகிறார்கள், இருவரின் சீவிய உருத்தையும் வைத்துக்கொண்டு.